உரிமையும் உடைமையும்: பற்மன் கதைத்தொடரும் அதன் இரசிகரும்

1988 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சித்திரக்கதை வாசகரிடையே விசித்திரமான வாக்கெடுப்பொன்று நடைபெற்றது. டி.சி. நிறுவனம் வெளியிட்டுவந்த 'பற்மன்' இதழின் 427 ஆவது இலக்கம், வௌவால் மனிதனாகிய பற்மனின் இளந்துணைவன் றொபின் குண்டுவெடிப்பொன்றிலே சிக்கிக்கொள்வதோடு முடிவடைந்தது. அவ்வேளையில் றொபின் வேடந் தரித்திருந்தவன் ஜேசன் ரொட் என்னும் சிறுவன். அவனது தலைவிதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு வாசகரிடம் விடப்பட்டது. இரண்டு தொலைபேசி இலக்கங்கள் தரப்பட்டிருந்தன. ஒன்றை அழைத்தால் சிறுவன் பிழைப்பான், மற்றதை அழைத்தால் இறப்பான். அழைப்பொன்றுக்குக் கட்டணம் ஐம்பது சதம். முப்பத்தாறு மணித்தியாலத்துள் 10,614 வாக்குகள் பதிவாயின. வாழவேண்டும் என்றோர் 5,271 பேர். சாகவேண்டும் என்றோர் 5,343 பேர். எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில், 428 ஆவது இதழிலே சிறுவன் மாண்டான்.

இந்நிகழ்ச்சியை வாசகர் சனநாயகம் என்று கொண்டாடியோரும் உளர். வாசகரின் குரூரத்துக்குச் சான்று என்று கண்டித்தோரும் உளர். வினாவை எழுப்பியவர் யார், விடைகளை இரண்டாக வரையறுத்தவர் யார், கிடைத்த தீர்ப்பு யாருடைய சொத்தாயிற்று என்பனவே நமக்கு முக்கியமானவை. 2005 ஆம் ஆண்டளவில் அதே நிறுவனம் ஜேசன் ரொட்டை உயிர்ப்பித்து மீண்டும் கதைக்குள் கொண்டுவந்தது. அப்போது எவரிடமும் வாக்குக் கேட்கப்படவில்லை.

பற்மன் கதைத்தொடர் 1939 இல் 'டிற்றெக்ரிவ் கொமிக்ஸ்' இதழின் 27 ஆவது இலக்கத்திலே தொடங்கி இன்றுவரை நிலவி வருவது. சித்திரக்கதை, தொலைக்காட்சி, திரைப்படம் என வடிவங்கள் மாறும்போதெல்லாம் அதன் இரசிகர் கிளர்ந்தெழுந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். இவ்வெதிர்ப்பின் சமூக உள்ளடக்கம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெகுசனப் பண்பாட்டை நோக்கும் முற்போக்காளர் மத்தியில் இருவேறு நிலைப்பாடுகள் வழக்கிலுள்ளன. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1944 இல் 'பண்பாட்டுக் கைத்தொழில்' என்னுங் கருத்தை முன்வைத்த காலந்தொட்டு, இரசிகனை ஏமாற்றப்பட்டவனாக மட்டுமே காணும் போக்கு வலுப்பெற்றது. இதற்கு மறுதலையாக, ஹென்றி ஜென்கின்ஸ் 1992 இல் வெளியிட்ட நூலில், இரசிகர் பிறருடைய காட்டிலே களவாக வேட்டையாடுவோரைப் போலத் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே பிரதியிலிருந்து கவர்ந்துகொள்கின்றனர் என்றார். முதலாவது நோக்கு இரசிகனின் கோபத்துக்கு விளக்கம் தரமாட்டாது. ஏமாற்றப்பட்டவன் ஏன் ஓயாது முறையிடுகிறான்? இரண்டாவது நோக்கு இரசிகனுக்கு மதிப்பளிக்கின்றது. ஆயினும் எத்தனை முயல் பிடிபட்டாலும் காடு பிரபுவினுடையதாகவே இருக்கிறது என்னும் உண்மையை அது இலேசாகக் கடந்துசெல்கின்றது.

உற்பத்தியானது நுகர்வதற்கான பொருளை மட்டுமன்றி, அப்பொருளை நுகரும் மனிதனையும் உருவாக்குகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் 1857 ஆம் ஆண்டுக் குறிப்புகளிலே விளக்கியுள்ளார். பற்மன் இரசிகனும் அவ்வாறு உருவாக்கப்பட்டவனே. பல தசாப்தங்களாக மாதந்தோறும் ஒரே பாத்திரத்தைப் பற்றி வாசித்து, இதழ்களைச் சேர்த்துவைத்து, முன்னுக்குப்பின் முரண்களைக் கண்டுபிடித்து மனனஞ் செய்தவன், அப்பாத்திரம் தனக்கு உரியது என உணர்வது இயல்பு. உம்பேர்ட்டோ எக்கோ 1962 இல் சுப்பர்மனைப் பற்றி எழுதிய கட்டுரையிலே, இத்தகைய நாயகர் மூப்பெய்தாத, முடிவுறாத காலத்தில் வாழ்வதைச் சுட்டிக்காட்டினார். நாயகன் மூப்பெய்துவதில்லை, வாசகன் மூப்பெய்துகிறான். மாற்றம் எதுவாயினும் வாசகன் அதனைத் தன் கடந்தகாலத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலாக உணர்வதற்கு இது ஒரு காரணம். மற்றைய காரணம் பொருளாதாரம் சார்ந்தது. வாசகனது உணர்விலுள்ள உரிமைக்கும் சட்டத்திலுள்ள உடைமைக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை. 1967 இல் டி.சி. நிறுவனத்தை விலைக்கு வாங்கிய கின்னி நசனல், கார் தரிப்பிடங்களையும் மரணச்சடங்கு நிலையங்களையும் நடத்திய கம்பனியாகும். 1969 இல் அதே கம்பனி வோர்னர் திரைப்பட நிறுவனத்தையும் விழுங்கிற்று. வௌவால் மனிதன் இவ்வாறுதான் ஹொலிவூட்டுக்குச் சென்றான்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் இரசிகர் மன்றங்கள் நினைவுக்கு வருதல் கூடும். எம்.ஜி.ஆர். என்னும் படிமத்தின் அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் வெளியிட்ட நூலில் நுணுகி ஆராய்ந்துள்ளார். அங்கே வழிபாட்டுக்குரியவன் நடிகன். பாத்திரங்கள் அவனுக்காக ஆக்கப்படுகின்றன. இங்கோ பாத்திரமே நிலையானது. நடிகன் வந்துபோகும் கூலியாள். நமது கூத்து மரபில் அருச்சுனனையோ இராவணனையோ எவரும் சொத்தாக வைத்திருந்ததில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். அண்ணாவியார் செய்த மாற்றம் பிடிக்காவிடின், களரியைச் சுற்றியிருந்தோர் அதனை அவருக்கு முன்னாலேயே சொல்லலாம்; அடுத்த ஊரார் வேறுவிதமாக ஆடலாம். பதிப்புரிமையும் வியாபாரக் குறியும் காக்கும் நாயகன் விடயத்தில் 'அடுத்த ஊர்' என்பது கிடையாது.

இரசிகர் ஒரு சமூகமாக உருவாகிய விதமும் கவனிப்புக்குரியது. 1960 களின் தொடக்கத்தில் ஜூலியஸ் ஷ்வாட்ஸ் என்ற ஆசிரியர், வாசகர் கடிதங்களை எழுதியோரின் முழு முகவரியுடன் பிரசுரிக்கலானார். தனித்தனியே வாசித்துக்கொண்டிருந்தோர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தொடங்கினர். 1961 இல் ஜெரி பெய்ல்ஸ் இரசிகர் சிற்றேடொன்றைத் தொடக்கினார். 1964 இல் பில்ஜோ வைற் 'பற்மேனியா' என்ற ஏட்டை வெளியிட்டார். அதே 1964 இல் விற்பனையைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பற்மனின் தோற்றமும் கதைப்போக்கும் திருத்தியமைக்கப்பட்டன. வீட்டுப் பணியாளன் அல்பிரட் கதையிலே சாகடிக்கப்பட்டான். தொலைக்காட்சித் தொடருக்கு அவன் தேவைப்பட்டமையால் 1966 இல் பிழைத்தெழுந்தான். அல்பிரட்டின் உயிரை மீட்டது தொலைக்காட்சிச் சந்தையின் தேவை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

1966 ஜனவரி முதல் 1968 மார்ச் வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடரில் அடம் வெஸ்ட் பற்மனாக நடித்தார். பளிச்சிடும் வண்ணங்களும், அடிதடியின்போது திரையிலே தோன்றும் ஒலிக்குறிப்பு எழுத்துகளும், முகத்தில் சிரிப்பின்றிச் சொல்லப்படும் கேலியுமாக அது நாடெங்கும் பிரபலமாயிற்று. நமது பார்வையில், அந்த ஊடகத்தின் அபத்தத்தை நன்கு உணர்ந்து ஆக்கப்பட்ட படைப்புகளுள் அதுவும் ஒன்று. ஆனால் தீவிர இரசிகர் பலர் அவமானத்துக்குள்ளாயினர். தாம் முக்கியமெனப் போற்றிய ஒன்றை உலகம் பார்த்துச் சிரிக்கிறதே என்னும் ஆற்றாமை அது. அவ்வாறு மனம் புண்பட்ட சிறுவருள் ஒருவரான மைக்கல் உஸ்லான், பின்னாளில் இந்தியானாப் பல்கலைக்கழகத்திலே சித்திரக்கதை பற்றிய பாடநெறியொன்றை நடத்தியவர். 1979 இல் பெஞ்சமின் மெல்னிக்கர் என்பாருடன் சேர்ந்து பற்மன் திரைப்பட உரிமையை வாங்கினார். இருண்ட, கனதியான பற்மனைத் திரைக்குக் கொண்டுவருவதே அவர் நோக்கம். பத்தாண்டுகள் கழிந்தே படம் வெளிவந்தது.

அப்படத்தை ஒட்டி எழுந்த எதிர்ப்பை நாம் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் பிற்காலத்து எதிர்ப்புகள் யாவும் அதன் அச்சிலே வார்க்கப்பட்டவை. 1988 இல் வோர்னர் நிறுவனம் பற்மன் வேடத்துக்கு மைக்கல் கீற்றனைத் தெரிவுசெய்தது. அவர் நகைச்சுவை நடிகரென அறியப்பட்டவர். வீரனுக்குரியதெனக் கருதப்படும் உடற்கட்டும் அவருக்கு இல்லை. இயக்குநர் ரிம் பேர்ட்டனும் அதுவரை நகைச்சுவைப் படங்களே எடுத்திருந்தார். 1966 மீண்டும் வருகிறது என்று இரசிகர் அஞ்சினர். நிறுவனத்துக்கு ஐம்பதினாயிரம் எதிர்ப்புக் கடிதங்கள் சென்றன என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. 1988 நவம்பரில் 'வோல் ஸ்றீற் ஜேர்ணல்' இவ்விடயத்தை முதற்பக்கத்திலே பிரசுரித்தது. வேடந் தாங்கும் நடிகனைப் பற்றிய வாசகர் மனத்தாங்கல், முதலீட்டாளருக்கான பத்திரிகையின் முதற்பக்கச் செய்தியானதேன்? இரசிகரின் அதிருப்தி பங்குதாரரின் அபாயமாக மாறிவிட்டமையே காரணம்.

நிறுவனம் நடிகரை மாற்றவில்லை. அது செய்தவை வேறு. பற்மனின் படைப்பாளி எனப் பெயர்பெற்ற பொப் கேன் ஆலோசகராக அமர்த்தப்பட்டு, படத்துக்கு ஆதரவாகப் பேசவைக்கப்பட்டார். இருண்ட காட்சிகளைக் கொண்ட முன்னோட்டமொன்று 1988 இறுதியில் அவசரமாகத் தயாரித்து வெளியிடப்பட்டது. எதிர்ப்பே விளம்பரமாயிற்று, படம் வரப்போகிறது என்பதை அறியாதிருந்தோரும் சர்ச்சையினால் அறிந்தனர். 1989 யூன் 23 இல் வெளியாகிய படம் உலகெங்கும் 40 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. கடிதமெழுதியோரும் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கியிருப்பர் என்று கருதுவது தவறாகாது.

அய்லீன் மீஹன் 1991 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இப்படத்தின் அரசியற் பொருளாதாரத்தைத் தெளிவாக வெளிக்கொணர்கின்றது. வோர்னரின் கையில் சித்திரக்கதை, நூல், இசைத்தட்டு, திரைப்படம், விளையாட்டுப்பொருள் அனுமதிப்பத்திரம் ஆகிய யாவும் இருந்தன. 1986 இல் ஃபிறாங் மில்லரின் இருண்ட பற்மன் கதை நூலாக வெளிவந்தபோது, அது வளர்ந்தோர் மத்தியில் இப்பண்டத்துக்குச் சந்தை உண்டா என்பதைக் குறைந்த செலவிலே சோதித்தறியும் வழியாகவும் அமைந்தது. பிறின்ஸ் என்னும் பாடகரின் இசைத்தட்டு படத்தையும், படம் இசைத்தட்டையும் விளம்பரஞ் செய்தன. இவ்வொழுங்கிலே தீவிர இரசிகன் வகித்த பங்கு, தொகையிற் சிறியதாயினும் முக்கியமானது. அவன் சோதனைக் களம், கூலியற்ற பிரசாரகன், சந்தையின் வெப்பமானி. 1988 ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் முழு வருமானத்தையும் கணக்கிட்டால் 5,307 டொலர்தான். அத்தொகைக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திராது.

இரசிகரின் கோரிக்கைகளுள் எவை நிறைவேறின என்று பார்த்தாலும் இதே உண்மை புலனாகும். கறுப்பு உடை வந்தது. இருண்ட தொனி வந்தது. இரண்டும் விற்பனைக்கு உதவுவன. ஆனால் நாயகனின் பெற்றோரைக் கொன்றவன் தெருக்கள்வன் ஒருவன் என்ற பழைய கதையைப் படம் மாற்றி, ஜோக்கரே கொலையாளி என்றது. இரசிகர் இன்றும் இதனைக் குறைகூறுவர். அவர்கள் கூறும் காரணம் மரபு பிறழ்ந்தது என்பது. நாம் வேறொன்றையும் காண்கிறோம். மூலக்கதையில் குற்றம் நகரத்தின் வறுமையிலிருந்து பிறப்பதாக, மங்கலாகவேனும், ஒரு குறிப்பு இருந்தது; படத்தில் அது இரு தனிமனிதரின் சொந்தப் பகையாகச் சுருங்கிற்று. இரசிகனின் 'மரபுப் பற்று' சில வேளைகளில் அவனே அறியாதவாறு சரியான இடத்திலே கைவைத்து விடுகின்றது.

உஸ்லானின் கதியையும் இங்கே சொல்லிவிடலாம். இத்துணை வருவாய் ஈட்டிய படம் நிறுவனத்தின் கணக்கேட்டிலே நட்டத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டது. தேறிய இலாபத்தில் பங்கு என ஒப்பந்தம் செய்திருந்த உஸ்லானும் மெல்னிக்கரும் 1992 இல் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். உரிமையுணர்வை உடைமையாக மாற்ற முயன்ற இரசிகனுக்கும் கிடைத்தது படத்தின் தொடக்கத்திலே ஒரு பெயர்தான்.

1992 ஆம் ஆண்டின் இரண்டாவது படம் சிறுவருக்கு ஏற்றதன்று என்று பெற்றோர் முறையிட்டனர். அப்படத்தை வைத்துச் சிறுவர் உணவுப் பொதிகளை விற்ற மக்டொனால்ட்ஸ் சங்கடத்துக்குள்ளாயிற்று. விளைவு, பேர்ட்டன் விலக, ஜோயல் ஷூமாக்கர் இயக்குநரானார். ஐம்பதினாயிரம் கடிதங்களால் நடிகரை மாற்ற முடியவில்லை. உணவு வியாபாரியின் சங்கடத்தோடு இயக்குநரே மாறினார். 1997 இல் வந்த 'பற்மன் அன்ட் றொபின்', விளையாட்டுப்பொருள் விற்பனையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விடயம். அதைக் கண்டு இரசிகர் கொதித்தனர். நாயகனாக நடித்த ஜோர்ஜ் குளூனி பிற்காலத்தில் பலமுறை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுள்ளார். ஆனால் மன்னிப்புக் கேட்டவன் நடிகன். விளையாட்டுப்பொருளை விற்ற நிறுவனம் மௌனமாகவே இருந்தது. இரசிகர் கோபமும் இயக்குநரையும் நடிகரையும் அவர்தம் உடையலங்காரத்தையுமே சுற்றிவந்தது. கண்ணுக்குத் தெரியும் கூலியாளை ஏசுவதும், கண்ணுக்குத் தெரியாத உடைமையாளனை மறப்பதும் இரசிகர் பிரக்ஞையின் எல்லையைக் காட்டுவன.

2005 இல் கிறிஸ்தோபர் நோலன் கதையை ஆதியிலிருந்து தொடங்கியபின் நிகழ்ந்தவற்றுட் பெரும்பாலானவை பழைய நாடகத்தின் மறு அரங்கேற்றங்களே. ஜோக்கராக ஹீத் லெட்ஜர் தெரிவானபோது எதிர்ப்பு. 2008 இல் படம் வந்தபின் வழிபாடு. 2013 இல் பென் அஃப்லெக்குக்கும் 2019 இல் றொபேட் பற்றின்சனுக்கும் எதிராக மனுக்கள். 2012 இல் இது அசிங்கமான வடிவமெடுத்தது: நோலனின் மூன்றாவது படம் வெளிவருமுன்பே, அதனைக் குறைகூறிய விமர்சகருக்குக் கொலை மிரட்டல்கள் விடப்பட்டன. தனக்குச் சொந்தமற்ற பண்டத்தின் காவலனாக இரசிகன் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட நிலை இது. இதனை இளைஞரின் உற்சாகம் என்று மன்னிக்க நாம் ஆயத்தமாக இல்லை.

ஆனால் ஓர் இயக்கத்தை இவற்றோடு ஒன்றாக வைத்தெண்ண முடியாது. பற்மனும் இடம்பெற்ற 'ஜஸ்ரிஸ் லீக்' படத்தின் இயக்குநர் ஸக் ஸ்னைடர், மகளின் மரணத்தையடுத்து 2017 மே மாதத்தில் விலகினார். வேறொருவர் முடித்த படம் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. ஸ்னைடரின் வடிவத்தை வெளியிடுமாறு இரசிகர் மூன்று ஆண்டுகள் கிளர்ச்சி செய்தனர். தற்கொலைத் தடுப்புப் பணிக்காக ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் நிதியும் திரட்டினர். 2021 மார்ச்சில் நான்கு மணித்தியால வடிவம் வெளியாயிற்று. இதனை இரசிகர் வெற்றி என்று பலரும் எழுதினர். அவ்வெற்றி கிட்டிய காலத்தைக் கவனித்தல் வேண்டும். அறிவிப்பு வந்தது 2020 மே மாதத்தில். அம்மாதமே நிறுவனம் தனது புதிய சந்தாச் சேவையைத் தொடங்கிற்று. சந்தாதாரர் வேண்டியிருந்தனர், கோரிக்கைக் கூட்டம் ஆயத்தமாய் நின்றது. 2022 இல் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை, நிறுவனமே செய்வித்த ஆய்வொன்றை ஆதாரங்காட்டி, இக்கிளர்ச்சியிற் பங்குகொண்ட கணக்குகளுள் குறைந்தது 13 வீதம் போலியானவை என எழுதியது. அதனால் எஞ்சியோரின் உணர்ச்சி போலியாகிவிடாது. எனினும் 'மக்கள் குரல்' என்பதே உற்பத்தி செய்யத்தக்க பண்டமாகிவிட்டமையை அது காட்டுகின்றது.

அடுத்த ஆண்டே மறுபக்கம் தெரிந்தது. 2022 ஓகஸ்டில், ஏறத்தாழ 9 கோடி டொலர் செலவில் பெரும்பாலும் முடிவடைந்திருந்த 'பற்கேர்ள்' படத்தை, கைமாறிய நிறுவனத்தின் புதிய நிர்வாகம் வரிக் கணக்கில் நட்டமாகக் காட்டுவதற்காக வெளியிடாது முடக்கிற்று. அதில் பற்மனாக மீள நடித்திருந்தவர், 1988 இல் எவருக்கும் வேண்டாதவராயிருந்த அதே மைக்கல் கீற்றன். நூற்றுக்கணக்கான கலைஞர், தொழிலாளரின் உழைப்பு பார்வையாளர் எவரையும் சென்றடையவில்லை. ஒரு பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதி அதன் பரிமாற்றுப் பெறுமதிக்குக் குறுக்கே நிற்கும்போது எது பலியிடப்படும் என்பதற்கு இதனிலும் தெளிவான பாடநூல் உதாரணம் அரிது.

இவற்றை மட்டும் நோக்கினால், இரசிகர் முயற்சிகள் யாவும் மூலதனத்தால் உறிஞ்சப்படுவன என்ற முடிவுக்கே வரநேரும். ஆனால் இதே இரசிகரிடையே முற்றிலும் வேறான ஒரு மரபும் உண்டு. பேரிரைச்சல் இல்லாதது அது.

1939 இல் பொப் கேன் தாம் வரைந்த உருவத்தைப் பில் ஃபிங்கர் என்னும் எழுத்தாளரிடம் காட்டினார். தலைக்கவசமும் மேலங்கியும் இன்றைய வடிவைப் பெற்றது ஃபிங்கரின் யோசனையால்; முதற்கதையை எழுதியவரும் அவரே. புரூஸ் வெய்ன் என்னும் பெயர், கொதம் என்னும் நகரின் பெயர் ஆகியனவும் அவர் தந்தவை. ஜோக்கரின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஒப்பந்தம் கேன் பெயரில் இருந்தது. ஆகவே கதைகள் கேன் பெயரில் மட்டும் வெளிவந்தன. 1965 இல் நாம் மேலே குறிப்பிட்ட ஜெரி பெய்ல்ஸ், ஃபிங்கரைச் சந்தித்து உரையாடி, உண்மையை இரசிகர் சிற்றேட்டில் எழுதினார். கேன் அதனை மறுத்துத் தாமே ஏகபடைப்பாளி என 'பற்மேனியா'வுக்கு நீண்ட கடிதம் அனுப்பினார். 1974 இல் ஃபிங்கர் வறுமையில் இறந்தார். ஐம்பதினாயிரம் கடிதங்கள் குவிந்த அந்த 1989 ஆம் ஆண்டுப் படத்திலும் அவர் பெயர் இல்லை. அக்கடிதங்கள் அவரைப் பற்றியவையும் அல்ல. கேன் தமது தன்வரலாற்றிலே ஃபிங்கரின் பங்கை ஒப்புக்கொண்டது அதே ஆண்டில், ஃபிங்கர் இறந்து பதினைந்து ஆண்டுகளின் பின்.

1970 களில் சுப்பர்மனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்ரர் ஆகியோருக்காக நடந்த போராட்டம் இதற்கு ஒரு முன்மாதிரி. 1938 இல் 130 டொலருக்குத் தம் படைப்பை விற்ற அவ்விருவரும் முதுமையில் வறுமையுற்றிருந்தனர். சகதொழிலாளரான ஓவியரும் பத்திரிகையாளரும் குரலெழுப்பியதன் பேரில் 1975 இல் நிறுவனம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளமும், படைப்பாளர் என்ற பெயரும் வழங்க இணங்கிற்று. சுப்பர்மன் படம் தயாரிப்பில் இருந்த வேளை அது. அவப்பெயர் வருமோ என்ற அச்சம் நிறுவனத்துக்கு இருந்தது. ஃபிங்கருக்கு அத்தகைய கூட்டுக்குரல் வாய்க்கவில்லை. மார்க் ரைலர் நோபிள்மன் என்னும் ஆராய்ச்சியாளர் பதிவேடுகளைத் தேடி, ஃபிங்கரின் பேத்தியைக் கண்டறிந்து, 2012 இல் சிறுவருக்கான நூலொன்றும் எழுதினார். 2015 செப்டெம்பரில் நிறுவனம் இணங்கியது. 2016 இல் வெளியான படத்திலே பில் ஃபிங்கரின் பெயர் திரையில் தோன்றிற்று. 'பொப் கேன், பில் ஃபிங்கருடன்' என்ற வாசகத்தில், சிறிய சொல்லொன்றின் பின்னால்.

பெய்ல்ஸ் எழுப்பிய வினா, நாயகன் எப்படியிருக்க வேண்டும் என்பதன்று; நாயகனை உழைத்து ஆக்கியவர் யார் என்பது. அவ்வினாவைக் கேட்க அவரைத் தூண்டியதும் அதே இரசிகர் வெறிதான். பழைய இதழ்களைச் சேர்த்து, கையெழுத்தில்லாத கதைகளின் ஆசிரியர் யாரெனப் பட்டியலிடும் பொழுதுபோக்கு. நுகர்விலே தொடங்கிய ஆர்வம் உற்பத்தியை நோக்கித் திரும்பிய கணம் அது. இத்தகைய இரசிகரை நமது வெகுசனப் பண்பாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் கவனியாது விட்டுள்ளன; கூச்சலிடுவோரையே ஆராய்ந்துள்ளன.

அமெரிக்கச் சட்டத்தின்படி 1939 ஆம் ஆண்டு இதழ்களின் பதிப்புரிமை 2034 டிசெம்பரோடு முடிவடையும். 2035 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ஃபிங்கர் எழுதிய முதற்கதையை எவரும் மறுபிரசுரஞ் செய்யலாம், மாற்றலாம், நடிக்கலாம். பிந்திய இதழ்களின் உரிமை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகவே விடுபடும். பெயரும் வௌவாற் சின்னமும் வியாபாரக் குறிகளாதலின், உபயோகத்தில் உள்ளவரை அவை நிறுவனத்தின் கையிலேயே இருக்கும்.